புள்ளியும் கோடும்

மார்கழித் திங்களின் வைகறையில் ஊர்வீதி வழியே நடந்து செல்வோர், வீடுதோறும் வாயிலில் கோலம் இடப்பெறும் காட்சியைக் காண்பர். கோலமிடும் பெண் முதலில் புள்ளிகளை வைக்கின்றாள். வரிசை வரிசையாக அமைந்த அப்புள்ளிகளைக் காண்பார்க்கு அப்பொழுது உருவம் ஒன்றும் புலப்படுவதில்லை. அவை வெறும் மாவுத்துளிகளே. பின்னர் அவள் ஒரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளியையும் கோட்டால் இணைக்கின்றாள். கோடுகள் பெருகப் பெருகத் தாமரை மலர்கின்றது; தேர் எழுகின்றது; அன்னம் நடக்கின்றது. கோலத்தின் அழகு புள்ளியில் மட்டும் இல்லை. புள்ளியைப் புள்ளியோடு சேர்க்கும் கோட்டிலும் உள்ளது. ஒரு கோடு விடுபட்டால் கோலம் முழுதும் குறையுடையதாகிவிடுகின்றது.

அறிவியலின் வளர்ச்சியும் இத்தகையதே. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளி எனக் கொள்வோம். ஒருவர் கண்ட உண்மையை மற்றவர் அறிதலும், இருவர் கூடி ஆராய்தலும், ஒருவர் தொடங்கியதை வேறொருவர் முடித்தலும் அப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளாம். இக்கோடுகளைத் தாளில் வரைந்து பார்க்கும் கலை ஒன்று நம் காலத்தில் வளர்ந்துள்ளது. அதனை ஆராய்ச்சிக் கூட்டுறவு வலை வரைதல் எனலாம். அது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஏழை எளியவரை வாட்டும் நோய்களை ஒழிக்கும் முயற்சியில் அது நல்லதொரு கருவியாகப் பயன்படுகின்றது. அஃது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உலகில் நோய்கள் பல. அவற்றுள் சில செல்வரையும் வறியரையும் ஒருங்கே பற்றுவன. அவற்றிற்கு மருந்து காணப் பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வேறு சில நோய்களோ, வெப்ப நாடுகளில் தூய குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் நல்ல வீடும் இல்லாத எளிய மக்களையே பெரிதும் பற்றுகின்றன. யானைக்கால் நோய், தொழுநோய், கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார், தென்னமெரிக்காவில் தோன்றிய சாகாஸ் நோய், ஆப்பிரிக்காவின் உறக்க நோய், ஆற்றங்கரையில் வாழ்வாரின் கண்ணொளியைப் பறிக்கும் ஆற்றுக் குருடு ஆகியவை இவ்வகையின. உலகச் சுகாதார நிறுவனம் இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்னும் ஒரு பெயரால் வழங்குகின்றது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இந்நோய்களால் தாக்குறுகின்றனர்.

நோய் எவ்வாறு புறக்கணிக்கப்படும் என்று நீங்கள் வினவலாம். நோயாளியிடம் பொருள் இல்லை. ஆதலின் அவனுக்கென மருந்து செய்வாரும் அரியர். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1975 முதல் 1999 வரையிலான 25 ஆண்டுகளில் உலகில் விற்பனைக்கு வந்த புதிய மருந்துப் பொருள்கள் 1393. அவற்றுள் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை 16 மட்டுமே. நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுகூட அவற்றிற்கு இல்லை. கோடிக்கணக்கானவர் துன்புற, அவர்க்கென விழுந்த பங்கு இவ்வளவே.

காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு யானைக்கால் நோய் கேள்வியால் அறிந்த ஒன்று அன்று. என் இளமைக் காலத்தில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய இடக்கால் முழங்காலின் கீழ்த் தூண்போலப் பருத்திருந்தது. அவர் பெரும்பொழுதும் திண்ணையிலேயே அமர்ந்திருப்பார். எவரேனும் வரக் கண்டால் வேட்டியின் நுனியை இழுத்துக் காலை மறைத்துக்கொள்வார். பந்தியில் அவர் அமர்ந்ததை நான் கண்டதில்லை. சிறுவராகிய எங்களுக்கு அவர் கணக்கும் நிகண்டும் சொல்லித் தந்தார். "இவ்வூர்த் தண்ணீர் ஆகாது, அதனால் வந்த நோய் இது" என்று பெரியோர் கூறுவர். சிலர் முன்வினை என்பர். தெருவோரச் சாக்கடையில் பெருகிய கொசுவை எவரும் குற்றவாளி எனக் கருதியதில்லை. அந்தக் கொசுவின் குற்றமோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே உலகின் வேறிடத்தில் மெய்ப்பிக்கப்பெற்றிருந்தது. அறிந்த ஊருக்கும் அறியாத ஊருக்கும் இடையே கோடு இல்லாது போயின், அறிவு இருந்தும் பயன் இல்லை.

இந்நோயின் காரணம் கண்டறியப்பெற்ற வரலாறு, புள்ளியும் கோடும் என்னும் நம் பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1863 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் தெமார்க்கே என்பார், கியூபா நாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரின் உடலிலிருந்து எடுத்த நீரில் நுண்ணிய புழுக்கள் நெளிவதைக் கண்டார். 1866 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்தில் மருத்துவம் செய்துவந்த உச்சரர், நோயாளியின் சிறுநீரில் அத்தகைய புழுக்களைக் கண்டார். அவர் எழுதிய கட்டுரை போர்த்துகீசிய மொழியில் வெளிவந்தமையால், அம்மொழி அறியாதார்க்கு அஃது எளிதில் எட்டுவதாக இல்லை. 1872 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இருந்த இலூயிசு என்னும் மருத்துவர், அப்புழுக்கள் மனிதரின் குருதியிலேயே வாழ்வதைக் கண்டு வெளியிட்டார். அவை யாவும் குஞ்சுப் புழுக்களே. அவற்றின் தாய்ப்புழுவை 1876 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் யோசேப்பு பான்கிராஃப்ட் கண்டார். கண்டவர், இலண்டனில் புழுவியல் வல்லுநராய் விளங்கிய காபோல்டுக்கு எழுதினார். காபோல்டு அதனை உலகறியச் செய்து, புழுவுக்குப் பான்கிராஃப்டின் பெயரையே சூட்டினார்.

இன்று அப்புழுவின் அறிவியற்பெயர் 'உச்சரேரியா பான்கிராஃப்டி' என்பதாகும். இப்பெயரைச் சற்றே கூர்ந்து நோக்குமின். முற்பாதி பிரேசிலில் வாழ்ந்தவரைக் குறிக்கின்றது. பிற்பாதி ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவரைக் குறிக்கின்றது. உச்சரர் 1873 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். பான்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டது அதற்கு மூன்றாண்டுகள் பின்னர். வாழ்நாளில் இணையாத இருவரைப் புழுவின் பெயர் இணைத்துவிட்டது. அவர்களுக்கிடையே அக்காலத்திலேயே ஒரு கோடு இருந்திருக்குமாயின், எத்துணை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

புழு ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கின்றது என்னும் வினா எஞ்சி நின்றது. சீன நாட்டின் அமாய் துறைமுகத்தில் மருத்துவராய் இருந்தவர் பாற்றிக் மேன்சன். 1877 ஆம் ஆண்டில் அவர், தம் உடலில் இப்புழுக்களைக் கொண்டிருந்த பணியாளர் ஒருவரைக் கொசுக்கள் கடிக்குமாறு செய்தார். பின்னர் அக்கொசுக்களை நாள்தோறும் அறுத்து நோக்கினார். கொசுவின் உடலில் புழுக்கள் வளர்ந்து உருமாறுவதைக் கண்டார். நோயைப் பரப்பும் பூச்சி ஒன்றின் உடலில் நோய்ப்புழு வளர்வதை உலகம் அறிந்தது இவ்வாறே. அவருடைய கட்டுரை 1878 ஆம் ஆண்டில் இலண்டன் இலின்னேயக் கழகத்தில் காபோல்டின் வாயிலாகப் படிக்கப்பெற்றது.

எனினும் மேன்சன் ஓரிடத்தில் வழுவினார். கொசு சில நாள்களே வாழும் என்று அவர் எண்ணினார். கொசுவின் வாழ்வை விளக்கும் நூல்கள் அமாயில் அவர் கைக்கு எட்டவில்லை. ஆதலின், கொசு நீரில் மடிய, அதன் உடலிலுள்ள புழு நீரிற் கலந்து, அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றும் என முடிவு செய்தார். எங்கள் ஊர்ப் பெரியோர் தண்ணீரைப் பழித்தது போலவே, பேரறிஞராகிய அவரும் தண்ணீரையே பழித்தார்! அப்பிழை 20 ஆண்டுகளுக்கு மேல் திருத்தம் பெறாது நின்றது.

அதனைத் திருத்தியவர் ஒருவர் அல்லர். பிரிஸ்பேனில் யோசேப்பு பான்கிராஃப்டின் மைந்தர் தாமசு பான்கிராஃப்ட், கொசுக்களுக்கு வாழைப்பழம் ஊட்டிப் பல வாரங்கள் உயிரோடு வைத்துக் காத்தார். கொசு நெடுநாள் வாழும் என்பதும், அதன் உடலில் புழு முதிர்வதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும் என்பதும் அதனால் விளங்கின. அவர் தாம் வளர்த்த கொசுக்களைப் பதப்படுத்திக் கடல் கடந்து இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே இலோ என்னும் இளம் மருத்துவர், அக்கொசுக்களை மிக மெல்லிய சீவல்களாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே புழுக்கள் இருந்தன. கடித்தலால்தான் நோய் பரவுகின்றது என்பது 1900 ஆம் ஆண்டில் ஐயமற உணரப்பட்டது. அதே ஆண்டில் நம் அண்டை நிலமாகிய திருவாங்கூரில் பணியாற்றிய சேம்சு என்னும் மருத்துவரும் இதனைத் தனியே ஆராய்ந்து வெளியிட்டார்.

மாணவர்களே! இவ்வரலாற்றை இப்பொழுது ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பாகியா, கல்கத்தா, பிரிஸ்பேன், அமாய், இலண்டன் என ஐந்து புள்ளிகளை வையுங்கள். பிரிஸ்பேனிலிருந்து இலண்டனுக்கு ஒரு கோடு. அமாயிலிருந்து இலண்டனுக்கு ஒரு கோடு. பிரிஸ்பேனுக்கும் அமாய்க்கும் இடையே கோடு உண்டா? இல்லை. பாகியாவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே? இல்லை. நோய் இருந்த ஊர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. யாவும் நோய் இல்லாத இலண்டன் வழியாகவே பேசின. இப்படத்தைக் கண்ட அளவில், அறிவு ஏன் மெல்ல நடந்தது என்பது விளங்கிவிடும். படம் வரைவதன் பயன் இதுவே.

இத்தகைய படங்களை வரைந்து மனித உறவுகளை ஆராயலாம் என்று காட்டியவருள் முன்னவர் மோரினோ என்னும் மனநூல் வல்லுநர். அவர் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி, "நீ யாருக்கு அருகில் அமர விரும்புகின்றாய்?" என்று வினவினார். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு குறியாகவும், விருப்பத்தைக் கோடாகவும் வரைந்தார். எல்லாராலும் விரும்பப்படும் பிள்ளை யார், எவராலும் விரும்பப்படாது தனித்து நிற்கும் பிள்ளை யார் என்பன ஒரே பார்வையில் புலனாயின. இப்படங்களை 1934 ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். ஆசிரியர் பல திங்கள் பழகியும் அறியாத ஒன்றை, ஒரு தாள் ஒரு நொடியில் அறிவித்தது.

அறிவியலாரின் உறவை அறிய அவர்களிடம் சென்று வினவ வேண்டுவதில்லை. அவர்கள் எழுதும் கட்டுரைகளே அதனைக் கூறும். ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில், அதனைச் செய்தார் அனைவரின் பெயர்களும் அவர்தம் கல்லூரியும் ஊரும் பொறிக்கப்பெறும். ஒரு கட்டுரையில் இருவர் பெயர் சேர்ந்து வந்தால், அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு இடலாம். பத்துக் கட்டுரைகளில் சேர்ந்து வந்தால் அக்கோட்டைத் தடிப்பாக்கலாம். 2001 ஆம் ஆண்டில் நியூமன் என்னும் அறிஞர், 1995 முதல் 1999 வரை வெளிவந்த மருத்துவ, உயிரியல் கட்டுரைகள் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்தார். அவற்றை எழுதினோர் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவருக்கு மேல் ஒரே வலையில் இணைந்திருந்தனர். அவ்வலையில் ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைய, சராசரி ஐந்து கோடுகளுக்கும் குறைவாகவே கடக்க வேண்டியிருந்தது. உலகம் இத்துணைச் சிறியதா என்று வியக்கத் தோன்றுகின்றதன்றோ?

இப்பணியில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. அது பெயரால் வருவது. ஔவையார் என்னும் பெயருடைய புலவர் பலர் இருந்தனர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். சங்க காலத்து ஔவையாரும் நீதிநூல் செய்த ஔவையாரும் ஒருவரே என மயங்குவார், பல நூற்றாண்டுகளை ஒன்றாக்கிக் குழம்புவர். வலை வரைவாரும் அவ்வாறே மயங்கக்கூடும். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உடையவர் பலர் இருப்பர். அவர்களை ஒருவராகக் கொண்டால் இல்லாத கோடுகள் தோன்றும். ஒருவரே தம் பெயரை ஒருகால் ஒருவகையாகவும் மற்றொருகால் வேறுவகையாகவும் எழுதுவர். அவரை இருவராகக் கொண்டால் உள்ள கோடுகள் அறும். ஆதலின், ஊரையும் நிறுவனத்தையும் துறையையும் ஒப்பிட்டுப் பெயர்களைத் தெளிதல் முதற்கடமையாகும். பாடவேறுபாடு நோக்கி ஏட்டுச்சுவடியைத் தெளிவார்க்கு வேண்டும் பொறுமை இவர்க்கும் வேண்டும்.

வரைந்த வலையை எவ்வாறு படிப்பது? மூன்றனை முதலில் நோக்க வேண்டும். முதலாவது, கோடுகள் மிகுதியாக வந்து கூடும் புள்ளி. அது சந்தை கூடும் ஊரைப் போன்றது; செய்திகள் யாவும் அங்கு வந்து பிரியும். இரண்டாவது, இரு கூட்டங்களுக்கு நடுவே நிற்கும் புள்ளி. அதற்குக் கோடுகள் இரண்டே இருக்கலாம்; ஆயினும் அதன் பெருமை சிறிதன்று. இரு கரைக்கும் இடையே ஓடம் விடுபவன் ஒருவனே எனின், அவன் நோயுற்ற நாளில் இரு கரையாரும் பிரிந்தோராவர். அத்தகைய ஓடக்காரர் யார் என்று அறிந்து அவரைப் போற்றுதலும், அவருக்குத் துணையாக மற்றோர் ஓடக்காரரை ஆக்குதலும் அரசின் கடமைகள். மூன்றாவது, கோடு ஒன்றும் இன்றித் தனித்து நிற்கும் புள்ளி. அங்கே அரியதோர் உண்மை எவரும் அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இம்முறையைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஆராய்ச்சிக்குப் பயன்கொள்ளலாம் என்று காட்டிய நாடுகளுள் பிரேசில் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டின் ஆராய்ச்சி மரபே கூட்டுறவால் வளர்ந்தது. 1909 ஆம் ஆண்டில் கார்லோசு சாகாஸ் என்னும் மருத்துவர், இலாசான்சு என்னும் சிற்றூரில் இருப்புப்பாதை அமைப்போரை மலேரியாக் காய்ச்சலினின்று காக்கும் பணியில் இருந்தார். மண்சுவர் வீடுகளின் வெடிப்பில் பதுங்கி இரவில் குருதி உறிஞ்சும் பூச்சி ஒன்றை அங்குள்ளார் அவருக்குக் காட்டினர். அப்பூச்சியின் உடலில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்ட சாகாஸ், பூச்சிகளை இரியோ நகரில் இருந்த தம் தலைவர் ஓசுவால்டோ குரூசுக்கு அனுப்பினார். அங்கே குரங்குகளுக்கு அந்நோய் பற்றியது. பின்னர்ச் சாகாஸ் அச்சிற்றூரிலேயே ஒரு சிறு பெண்குழவியின் குருதியில் அந்நுண்ணுயிரைக் கண்டு புதிய நோயை உலகுக்கு அறிவித்தார். நோய்க்கு அவர் பெயரும், நுண்ணுயிர்க்குக் குரூசின் பெயரும் வழங்கலாயின.

அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்குப் பின், 2009 ஆம் ஆண்டில், குரூசின் பெயரால் விளங்கும் அந்த நிறுவனத்தைச் சார்ந்த கார்லோசு மோரெல், வேறு மூவரோடு கூடி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் புறக்கணிக்கப்பட்ட நோய்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, யார் யாரோடு சேர்ந்து எழுதினர் என்பதை அவர்கள் வலையாக வரைந்தனர். ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கும் அரசு, எந்த நிறுவனம் எதனோடு இணைந்துள்ளது, எங்கே இணைப்பு அற்றுள்ளது என்பவற்றை அறிந்து திட்டமிட இவ்வலை துணைசெய்யும் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். கண்ணை மூடிக்கொண்டு நீர் பாய்ச்சும் உழவன் மேட்டை நனைத்துப் பள்ளத்தைக் காயவிடவும் கூடும். வாய்க்கால்களின் வரைபடம் கையில் உள்ளவன் கடைமடைக்கும் நீர் சேர்ப்பான். வலையின் பயனும் அதுவே.

இத்தகைய வலைகள் நமக்கு ஓர் உண்மையை வலியுறுத்துகின்றன. நோய் மிகுந்த நாட்டு ஆராய்ச்சியாளர் பலரின் கோடுகள் தொலைவிலுள்ள செல்வ நாடுகளுக்கே செல்கின்றன. எல்லையை அடுத்துள்ள அயல்நாட்டுக்குச் செல்வன குறைவு. ஆப்பிரிக்க நாடுகளிடையே இது தெளிவாகக் காணப்பட்டுள்ளது. முன்னர் நாம் வரைந்த ஐந்து புள்ளிப் படத்தின் குறை இன்றும் முற்றும் நீங்கவில்லை. அக்குறையை நீக்கும் முயற்சிகளும் உண்டு. 2003 ஆம் ஆண்டில் செனீவா நகரில், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து காணும் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. எல்லை கடந்த மருத்துவர்கள் என்னும் தொண்டு நிறுவனம், பிரான்சின் பாஸ்டர் நிறுவனம், பிரேசிலின் ஓசுவால்டோ குரூசு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கென்யாவின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், மலேசிய நாட்டுச் சுகாதார அமைச்சு ஆகியவை ஒன்றுகூடி அதனை நிறுவின. நோய் உள்ள நாடுகள் தம்முள் நேரே கோடு இட்டுக்கொண்டதற்கு இது சான்றாகும்.

கோடுகளால் விளைந்த மருந்துகள் இரண்டினைக் கூறுவோம். யானைக்கால் நோய்க்கு இன்றளவும் வழங்கப்பெறும் டை எதில் கார்பமசின் என்னும் மருந்து, 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலெடர்லி ஆய்வுக்கூடத்தார் வெளியிட்டது. அக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் ஆந்திர நாட்டில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்றவர். மற்றொன்று ஐவர்மெக்டின். சப்பான் நாட்டு அறிஞர் ஓமுரா தம் நாட்டு மண்ணிலிருந்து நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் கேம்பெல் முதலியோர் அதன் புழுக்கொல்லும் ஆற்றலைக் கண்டனர். 1981 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், இன்றைய வங்காள தேசத்தில் பிறந்த அசீசு என்னும் மருத்துவர் அம்மருந்தை ஆற்றுக் குருடு நோயாளருக்கு முதன்முதல் கொடுத்து ஆராய்ந்தார். 1987 ஆம் ஆண்டில் அதனைச் செய்த நிறுவனம் ஆற்றுக் குருட்டுக்கு அம்மருந்தை விலையின்றி வழங்க முன்வந்தது. 2015 ஆம் ஆண்டில் ஓமுராவும் கேம்பெலும் நோபல் பரிசு பெற்றனர். ஒரு பிடி மண், மூன்று கண்டங்களைக் கடந்து பலரின் கண்ணொளியைக் காத்தது.

வலையின் பெருமையைக் கூறிய நாம் அதன் குறையையும் கூறுதல் முறையாகும். கட்டுரையில் பெயர் உள்ளவரையே வலை அறியும். பெயர் இல்லாதவரை அறியாது. உழைக்காதவர் பெயர் உபசாரத்தால் சேர்தலும் உண்டு. உழைத்தவர் பெயர் விடுபடுதலும் உண்டு. யானைக்கால் நோயின் குஞ்சுப்புழுக்கள் பகலில் உடலின் உள்ளே ஒடுங்கி, இரவில் தோலை அடுத்த குருதிக் குழாய்களுக்கு வருவன. ஆதலின் ஊர் உறங்கும் வேளையில் சுகாதாரப் பணியாளர் கண்ணாடிச் சில்லும் ஊசியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று, உறங்குவாரை எழுப்பி ஒரு துளிக் குருதி கேட்பர். நாய் குரைக்கும், சிலர் சினந்து உரைப்பர். அவர் கொணர்ந்த அத்துளிகள் இன்றேல் கட்டுரை இல்லை. ஆயினும் வலையில் அவர்க்குப் புள்ளி இல்லை. அமாயில் மேன்சனுக்காகக் கொசுக்கடி பட்ட அப்பணியாளருக்கும் புள்ளி இல்லை. மருத்துவத்தின் கூறுகளை எண்ணிய திருவள்ளுவர், மருத்துவனையும் மருந்தையும் கூறியதோடு அமையாது, நோயுற்றவனையும், அருகிருந்து துணைபுரிவானையும் சேர்த்தே நான்கு என்றார். வலை வரைவோர் வள்ளுவரின் கணக்கை மறத்தல் ஆகாது.

இனி, நாம் தொடங்கிய கதைக்கு மீள்வோம். 1997 ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, யானைக்கால் நோயைப் பொதுநலக் கேடு என்னும் நிலையினின்று ஒழிப்பது எனத் தீர்மானித்தன. 2000 ஆம் ஆண்டில் அதற்கான உலகத் திட்டம் தொடங்கியது. ஊரில் உள்ளார் அனைவரும், நோய் உடையாரும் இல்லாரும், ஆண்டுக்கு ஒருமுறை மருந்து உண்பதே அத்திட்டத்தின் நெறி. அதன் பயனாக இலங்கை 2016 ஆம் ஆண்டில் இந்நோயை ஒழித்தது என்னும் சான்றினைப் பெற்றது. 2024 ஆம் ஆண்டில் பிரேசிலும் அச்சான்றினைப் பெற்றது. உச்சரர் பாகியாவில் நுண்ணோக்கி வழியே அப்புழுவைக் கண்ட நாளிலிருந்து எண்ணினால், இடையே கழிந்தவை 158 ஆண்டுகள். இந்தியாவில் இப்பணி பெரிதும் முன்னேறியிருப்பினும் இன்னும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறச் செய்தல் இன்று பயிலும் உங்கள் தலைமுறையின் கடனாகும்.

எங்கள் தெருத் திண்ணையில் கால் மறைத்து அமர்ந்திருந்த அம்முதியவரை நான் இன்றும் நினைப்பதுண்டு. அவருடைய நோய்க்குக் காரணம் 1900 ஆம் ஆண்டில் விளங்கியது. மருந்து 1947 ஆம் ஆண்டில் கிடைத்தது. இரண்டும் அவர் வாழ்ந்த காலத்திலேயே உலகில் இருந்தன. அவர் திண்ணைக்கு மட்டும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அத்திண்ணை வரை ஒரு கோடு இழுக்க அப்பொழுது எவரும் இல்லை. நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆராய்ச்சியாளராகலாம், சிலர் இரவில் குருதி எடுக்கச் செல்லும் பணியாளராகலாம். எந்நிலையில் இருப்பினும், அறிந்ததை அறியாதார்க்கு உரைமின். அண்டையில் ஆராய்வாரோடு கூடுமின். தனித்து நிற்கும் புள்ளி ஒன்றைக் கண்டால் அதனை நோக்கிக் கோடு இழுமின். கோலம் நிறைவது அவ்வாறே.

பயிற்சி

1. புறக்கணிக்கப்பட்ட நோய்கள் எனப்படுவன யாவை? அவை புறக்கணிக்கப்பட்டமைக்குக் காரணம் என்ன?

2. மேன்சன் கண்ட உண்மை யாது? அவர் வழுவிய இடம் யாது? அவ்வழு எவ்வாறு திருத்தம் பெற்றது?

3. வலையில் ஓடக்காரரை ஒத்த புள்ளி எது? அதனைப் போற்ற வேண்டுவது ஏன்?

4. கட்டுரையில் பெயர் பெறாத உழைப்பாளர் இருவரை இப்பாடத்திலிருந்து எடுத்துக்காட்டி, அவர்தம் பணியை ஒரு பத்தியில் எழுதுக.

5. உங்கள் வகுப்பில் சென்ற திங்களில் எவரெவர் சேர்ந்து பாடம் பயின்றனர் என்பதைக் கேட்டறிந்து, புள்ளியும் கோடுமாக வரைக. தனித்து நிற்கும் புள்ளி உளதாயின், அதற்கு நீங்கள் செய்யக்கூடியது யாது?